நடுங்கும் கையெழுத்து

போலியைப் பிடிக்கப் பிறந்த சொற்கள் சில சமயம் அசலுக்காகவும் சாட்சி சொல்கின்றன

இரண்டு காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார்கள். இரண்டிலும் இருக்கும் கையெழுத்துகள் கோட்டுக்குக் கோடு, சுழிக்குச் சுழி பொருந்திவிடுகின்றன. வங்கிக் கவுண்டரில் இருப்பவருக்கு இதைப் பார்த்தால் திருப்தி. ஆவணப் பரிசோதகருக்கோ அங்கேதான் சந்தேகம் ஆரம்பிக்கிறது. ஒரே ஆள் போடும் இரண்டு கையெழுத்துகள் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருக்கவே இருக்காது என்பது அவருடைய தொழிலின் அரிச்சுவடி. அப்படி இருந்தால், ஒன்றை அடியில் வைத்து இன்னொன்றைப் படியெடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டுமே வேறொரு மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

இந்த விசித்திரத்தை டாக்குரியாவில் ஒரு தமிழ் டீச்சரம்மா எண்பது வயதை நெருங்கும்போது தெரிந்துகொள்ள நேர்ந்தது. தெற்குக் கொல்கத்தாவில், சியால்தாவிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையை ஒட்டிய பகுதி டாக்குரியா. ஒரு பக்கம் ரயில்வே மேம்பாலம், இன்னொரு பக்கம் ரவீந்திர சரோபர் என்று பெயர் மாற்றப்பட்ட பிறகும் பழையவர்கள் டாக்குரியா லேக் என்றே சொல்லும் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் லேக் மார்க்கெட். அங்கே காலையில் மல்லிகைப்பூவும் முருங்கைக்காயும் வாழை இலையும் விற்ற காலத்தில்தான், கும்பகோணத்துப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தார் அவர். சின்னக் குழந்தைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தே முப்பத்தைந்து வருஷத்தைக் கழித்தவர். கணவர் இறந்து பல வருஷமாகிறது. மகன் பெங்களூரில்.

பார்க்கின்சன் நோய் முதலில் தொட்டது அவருடைய வலது கையைத்தான். அந்தக் கையால் ஒரு வைப்புத்தொகையைப் புதுப்பிக்கப் போனார். வங்கியில் 1988இல் கொடுத்திருந்த மாதிரிக் கையெழுத்தோடு அன்றையது ஒத்துப்போகவில்லை. மறுபடி போடச் சொன்னார்கள். மூன்று முறை போட்டார். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: "கஷ்டப்படாதீங்க மாஷிமா, கட்டை விரல் ரேகை வெச்சிடுங்களேன்."

வீட்டுக்கு வந்து டீச்சரம்மா சாப்பிடவில்லை. "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவ நான். கடைசியில கைநாட்டா?" என்று போனில் மகனிடம் கேட்டார். மகனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாடி வீட்டில் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது.

மாடி வீட்டு வங்காளி பெரியவர் அரசாங்கத்தில் ஆவணப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இவரை 'திதி' என்கிறார். இவர் அவரை 'தாதா' என்கிறார். யார் அக்கா, யார் அண்ணன் என்ற கணக்கை இருவரும் எடுப்பதில்லை. சாயங்கால டீயோடு தாதா சொல்ல ஆரம்பித்தது, போலிக் கையெழுத்துக்காரர்களைப் பிடிப்பதற்காக உண்டான ஒரு தொழிலின் சொற்களை.

அந்தத் தொழில் இந்தியாவில் அரசு வேலையாக வேர்விட்டதே இந்த ஊரில்தான். 1904இல் வங்காள அரசு சி.ஆர். ஹார்ட்லெஸ் என்பவரை அரசுக் கையெழுத்து நிபுணராக அமர்த்தியது. கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அவர். இரண்டு வருஷத்தில் அந்த அலுவலகம் சிம்லாவுக்குப் போனது. பின்னாளில் அது 'கேள்விக்குரிய ஆவணங்களின் அரசுப் பரிசோதகர்' என்ற நீண்ட பெயர் பெற்று, கொல்கத்தாவிலும் ஹைதராபாத்திலும் கிளைவிட்டது.

'கேள்விக்குரிய' என்ற அந்தச் சொல்லே கவனிக்கத்தக்கது. போலி ஆவணம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. யாரோ ஒருவர் கேள்வி எழுப்பிய ஆவணம், அவ்வளவுதான். பரிசோதனைக்கு வரும் காகிதங்களில் மூன்று வகை உண்டு. சர்ச்சைக்குரிய எழுத்துக்கு 'க்யூ' என்று குறி போடுவார்கள். சம்பந்தப்பட்டவர் வழக்கு என்ற நினைப்பே இல்லாத நாளில் இயல்பாக எழுதிவைத்த கடிதம், கணக்கு நோட்டு, காசோலை போன்றவை ஒப்புக்கொள்ளப்பட்ட எழுத்து. அதற்கு 'ஏ'. வழக்கு வந்த பிறகு அதிகாரி முன்னால் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது மாதிரி எழுத்து. அதற்கு 'எஸ்'. மூன்றில் பரிசோதகர் அதிகம் நம்புவது நடுவில் உள்ளதைத்தான். கேட்டு வாங்கும் மாதிரியில் ஆள் உஷாராகிவிடுகிறான். கோணலாக எழுதுகிறான், சாய்வை மாற்றுகிறான், இடது கையால் எழுதிப் பார்க்கிறான். இதற்கு 'மறைப்பெழுத்து' என்று பெயர். அதனால்தான் பரிசோதகர்கள் ஒரு பக்கத்தோடு விடுவதில்லை. சொல்லச் சொல்லப் பக்கம் பக்கமாக எழுத வைப்பார்கள். நாலாவது பக்கத்தில் கை களைத்துப் பழைய வழக்கத்துக்கு வந்துவிடும்.

"உங்க வங்கி என்ன பண்ணியிருக்கு தெரியுமா திதி?" என்றார் தாதா. "1988இல போட்ட ஒரே ஒரு கையெழுத்தை வெச்சுக்கிட்டு இன்னிக்குப் போட்டதை அளந்திருக்கு. எங்க ஆபீஸ்ல அப்படி ஒரு கட்டு வந்தா, மாதிரி போதாதுன்னு திருப்பி அனுப்பிடுவோம்."

ஒப்பிடுவதற்கான எழுத்து போதுமான அளவு இருக்க வேண்டும். சர்ச்சைக்குரிய எழுத்தின் காலத்தை ஒட்டியதாக இருக்க வேண்டும். அது உண்மையில் அந்த ஆளுடையதுதானா என்பதும் உறுதியாகத் தெரிய வேண்டும். கடைசி நிபந்தனையை மறந்ததால் வந்த அவமானத்துக்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1983 ஏப்ரலில் ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' பத்திரிகை ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று அறுபதுக்கும் மேற்பட்ட நோட்டுகளை அறிவித்தது. அவற்றுக்குக் கொடுத்த விலை 90 லட்சம் மார்க்குக்கு மேல். கையெழுத்து நிபுணர்கள் பார்த்து, ஒரே கைதான் என்றார்கள். சொன்னது சரிதான். ஒப்பிடக் கொடுத்த தாள்களிலும் அதே மோசடிக்காரர் கொன்ராட் கூயாவ் எழுதியவை கலந்திருந்தன! போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டும் ரசாயனம் காகிதத்தில் இருப்பதைப் பரிசோதனைக்கூடம் கண்டுபிடித்ததும் சில நாட்களிலேயே சாயம் வெளுத்தது.

அடுத்த பாடம் டீச்சரம்மாவுக்குப் பிடித்துப்போனது. எழுத்தில் 'பொதுக் குணம்' என்று ஒன்று, 'தனிக் குணம்' என்று ஒன்று. ஒரே பள்ளியில் ஒரே காலத்தில் எழுதப் பழகியவர்கள் பலருக்கும் பொதுவாக இருப்பது முதலாவது. தமிழில் எழுதப் பழகிய கை, ஆங்கிலம் எழுதும்போதும் உருண்டை உருண்டையாகவே எழுதும். வங்காள எழுத்தில் பழகிய கைக்கு மேலே கோடு இழுக்கும் பழக்கம் இருக்கும். இதை வைத்து ஆளை அடையாளம் சொல்ல முடியாது. ஒரு கூட்டத்தைத்தான் சொல்லலாம். தனிக் குணம் வேறு. மெய்யெழுத்தின் புள்ளியை நேர் மேலே வைக்கிறாரா, வலப் பக்கம் தள்ளி வைக்கிறாரா, அவசரத்தில் சிறு கோடாக இழுத்துவிடுகிறாரா? ழகரத்தின் வாலை எங்கே முடிக்கிறார்? வங்காள எழுத்தின் மேல்கோட்டை எழுத்துக்கு எழுத்து போடுகிறாரா, சொல்லை முடித்துவிட்டு ஒரே இழுப்பில் போடுகிறாரா? இப்படிப் பல சின்னச் சின்னப் பழக்கங்கள் ஒரே கையில் சேர்ந்து வருவதைத்தான் பரிசோதகர் தேடுகிறார். ஒரே ஒரு எழுத்தின் அழகை வைத்து யாரையும் முடிவுகட்டக் கூடாது.

"என்கிட்ட படிச்ச பிள்ளைங்க எல்லாம் 'அ'வை ஒரே மாதிரி சுழிப்பாங்க. என் சுழி அது" என்றார் டீச்சரம்மா. பொதுக் குணத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது என்றார் தாதா.

கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதும், கிரகம் சொல்வதும் இந்தத் தொழிலோடு சம்பந்தமில்லாதவை. எழுத்து மேல்நோக்கிப் போனால் முன்னேற்றம், கீழ்நோக்கிப் போனால் மனச்சோர்வு என்று சொல்பவர்கள் உண்டு. தாதாவின் வட்டாரத்தில் அவர்களுக்கு மரியாதை கிடையாது. பரிசோதகர் கேட்பது ஒரே கேள்விதான்: எழுதியது இந்தக் கையா, இல்லையா?

இதற்கிடையில் டீச்சரம்மா ரகசியமாக ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். 1980களில் கணவருக்கு எழுதிய கடிதமொன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அதன் அடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து மதியம் முழுக்க எழுதிப் பழகினார். மெதுவாக, வளைவுக்கு வளைவு நிறுத்தி, பிசகிய இடத்தில் மேலே ஒரு கோடு சேர்த்து. பத்து நாளில் பார்வைக்குப் பழையது போலவே ஒன்று வந்துவிட்டது. பெருமையோடு மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

தாதா லென்ஸை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். "திதி, இதை யாரோ கள்ளக் கையெழுத்து போட்டிருக்காங்க."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆவணப் பரிசோதனையின் மையமான சொல் 'கோட்டின் தரம்'. எழுத்தின் வடிவத்தை யாரும் காப்பியடித்துவிடலாம். எழுதிய வேகத்தைக் காப்பியடிப்பது கஷ்டம். கையெழுத்து என்பது யோசிக்காமல் போடுவது. பேனா காகிதத்தைத் தொடும் முன்பே நகர ஆரம்பித்து, முடிந்த பிறகும் காற்றில் சற்றுத் தூரம் ஓடுகிறது. அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் மெலிந்து கூராக இருக்கும். பார்த்து எழுதுபவன் எழுதுவதில்லை, வரைகிறான். அவன் கோடு மொட்டையாகத் தொடங்கி மொட்டையாக நிற்கும். அழுத்தம் எங்கும் ஒரே சீராக இருக்கும். அடுத்த வளைவு எப்படி என்று பார்க்க நடுவில் பேனாவைத் தூக்குவான். பரிசோதகர்களின் பேச்சில் இது 'பேனா தூக்கல்'. பிசகியதை மறைக்க மேலே கோடு போட்டால் 'ஒட்டுப்போடுதல்'. எங்கே கடினமான சுழி வருகிறதோ அங்கே கை உதறும். அதற்கு 'மோசடி நடுக்கம்' என்றே பெயர்.

வயதின் நடுக்கம் வேறு ஜாதி. அது கடினமான இடம், சுலபமான இடம் என்று பார்க்காது. எல்லாக் கோட்டிலும் சேர்ந்தே ஓடும். ஆனால் நடுங்கும் கோட்டுக்கு நடுவிலேயே அலட்சியமான ஒரு வேக இழுப்பு சட்டென்று வந்துவிடும். பார்க்கின்சன் வந்தவர்களுக்கு எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். வரி கோணும். இத்தனைக்குப் பிறகும் எந்த எழுத்தை எதோடு சேர்க்கிறார், எங்கே இடம் விடுகிறார், புள்ளியை எங்கே தட்டுகிறார் என்ற வழக்கங்கள் பலவும் அப்படியே நிற்கும். அசல் ஆள் ஒட்டுப்போட்டு மறைப்பதில்லை. அவருக்கு மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. வங்கியில் போட்ட மூன்று கோணல் கையெழுத்துகளும் அசல் என்று தாங்களே சொல்லிக்கொண்டிருந்தன. வீட்டில் பழகிய அழகான கையெழுத்தில்தான் போலியின் அடையாளம் அத்தனையும் இருந்தது. தன் கையெழுத்தைத் தானே கள்ளமாகப் போட்டிருந்தார் டீச்சரம்மா.

தன் கையெழுத்தைத் தானே போலிசெய்வது என்ற இந்த எண்ணம் ஒரு காலத்தில் ஒரு நிரபராதியைத் தீவுச் சிறைக்கு அனுப்ப உதவியது. 1894இல் பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஆல்பிரட் டிரைஃபஸ், ஜெர்மானியருக்கு ரகசியம் விற்றதாகக் கைதானார். சாட்சியம் கையால் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். அதன் எழுத்துக்கும் டிரைஃபஸ் எழுத்துக்கும் வித்தியாசங்கள் இருந்தன. உடல் அளவுகளை வைத்துக் குற்றவாளிகளை அடையாளம் காணும் முறையால் புகழ்பெற்ற அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன், கையெழுத்துத் துறையில் பயிற்சி இல்லாதவர். இருந்தும் அவர் சாட்சிக் கூண்டில் ஏறி, மாட்டிக்கொண்டால் மறுப்பதற்காக டிரைஃபஸ் தன் எழுத்தையே போலிபோல் எழுதியிருக்கிறார் என்றார். ஒத்திருந்தால் அவன் எழுதியது, ஒத்திராவிட்டால் அவன் மாற்றி எழுதியது! எந்தப் பக்கம் விழுந்தாலும் தலை. காகிதத்தை எழுதியது எஸ்தர்ஹாசி என்ற வேறொரு அதிகாரி. பெர்ட்டியோனின் கணக்கை 1904இல் புவான்காரே உள்ளிட்ட கணித மேதைகள் மூவர் சோதித்து, அதற்கு அறிவியல் மதிப்பே இல்லை என்றார்கள். 1906இல்தான் டிரைஃபஸ் முழுமையாக விடுதலையானார்.

வேறுபாடு என்பது தாதாவின் தொழிலில் இரண்டு சொல். 'இயல்பான மாறுபாடு' ஒன்று: காலையில் போட்டதும் மாலையில் போட்டதும், நின்றுகொண்டு போட்டதும் உட்கார்ந்து போட்டதும், நாற்பதில் போட்டதும் எண்பதில் போட்டதும். இன்னொன்று 'அடிப்படை வேறுபாடு': வேறொரு கை என்பதைத் தவிர வேறு எதனாலும் விளக்க முடியாதது. முதலாவது எத்தனை இருந்தாலும் பாதகமில்லை. இரண்டாவது ஒன்றே ஒன்று இருந்தாலும் யோசிக்க வேண்டும். ஒன்றை மற்றதாக எடுத்துக்கொள்ளும்போதுதான் வங்கியில் சிலருடைய பணம் முடங்குகிறது. நீதிமன்றத்தில் சிலருடைய தலையே போகிறது.

தலை போனதும் இந்த ஊரில்தான். 1775 மார்ச்சில் மகாராஜா நந்தகுமார், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கியதாகக் கவுன்சிலில் புகார் செய்தார். மே மாதம் அவரே கைதானார். இறந்துபோன புலாகி தாஸ் என்ற வணிகர் பெயரில் 48,021 சிக்கா ரூபாய்க்குப் பாரசீகத்தில் ஒரு பத்திரத்தைப் போலியாக உண்டாக்கினார் என்பது குற்றச்சாட்டு. புதிதாக வந்திருந்த கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டில், தலைமை நீதிபதி எலைஜா இம்பே முன் ஜூன் மாதம் விசாரணை. ஜூரிகள் எல்லோரும் ஐரோப்பியர். பத்திரத்தில் சாட்சிகளின் முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. ஒரு முத்திரையைத் தன்னுடையது என்றும், தான் பத்திரத்தில் சாட்சி போடவே இல்லை என்றும் ஒருவர் சொன்னார். சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்த சிலாபத் என்பவர் அப்போது உயிரோடு இல்லை. அது அவருடைய கைதானா என்று, அவர் எழுத்தைப் பார்த்துப் பழகியவர்களைக் கேட்டார்கள். ஷோபாபஜார் ராஜா நபகிருஷ்ணரும் அவர்களில் ஒருவர். லென்ஸ் இல்லை, மாதிரி இல்லை, கோட்டின் தரம் இல்லை. பழக்கத்தில் வந்த நினைவு மட்டும். இங்கிலாந்துச் சட்டப்படி போலிப் பத்திரத்துக்கு மரண தண்டனை. 1775 ஆகஸ்ட் 5ஆம் தேதி நந்தகுமாரைத் தூக்கிலிட்டார்கள். இம்பே மீது கண்டனத் தீர்மானம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை போய் 1788இல் தோற்றது. அந்தப் பத்திரம் போலிதானா என்ற சண்டை வரலாற்று ஆசிரியர்களிடையே ஓயவில்லை.

பழகியவர் சாட்சி சொல்வதைச் சட்டம் இன்றும் ஏற்கிறது. 1872இன் இந்திய சாட்சியச் சட்டத்தில் இருந்த அந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் தொடர்கிறது. நிபுணர் சொல்லலாம், பழகியவர் சொல்லலாம், நீதிபதியே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் யார் சொன்னாலும் சட்டத்தின் பார்வையில் அது 'கருத்து'தான். 1980இல் முராரிலால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவுபடுத்தியது. கையெழுத்து நிபுணரின் கருத்துக்கு வேறு ஆதாரம் இருந்தே தீர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் விரல் ரேகை அளவுக்கு இந்த அறிவியல் துல்லியமானதல்ல, ஆகவே எச்சரிக்கை தேவை, நிபுணர் சொல்லும் காரணங்களை எடைபோட வேண்டும்.

நிபுணர்களே ஒத்துப்போவதில்லை என்பதற்கு வங்காளிகளிடம் சொல்லி மாளாத உதாரணம் இருக்கிறது. நேதாஜி மறைவை விசாரித்த நீதிபதி முகர்ஜி ஆணையத்தின் முன், ஃபைசாபாத்தில் வாழ்ந்த கும்நாமி பாபா என்ற சாமியாரின் எழுத்தும் நேதாஜியின் எழுத்தும் ஒப்பிடப்பட்டன. ஒரே கை என்றார் ஒரு நிபுணர். இல்லை என்றார்கள் மற்றவர்கள். 2005இல் கொடுத்த அறிக்கையில் ஆணையம், அந்தச் சாமியார்தான் நேதாஜி என்று முடிவுகட்டத் திட்டவட்டமான ஆதாரம் இல்லை என்றது. டாக்குரியாவின் டீக்கடைகளில் விவாதம் முடிந்துவிட்டதாகத் தெரியவில்லை.

துல்லியமானது என்று நீதிமன்றம் சொன்ன அந்த விரல் ரேகைக்கு வருவோம். டீச்சரம்மாவுக்கு உறுத்தியது அதுதானே. தமிழில் கைநாட்டு என்றால் ரேகை மட்டும் அல்ல, படிக்காதவர் என்ற ஏச்சும்கூட. ஆனால் ரேகை வைக்கும் வழக்கத்தை நவீன நிர்வாகத்துக்குள் கொண்டுவந்த முதல் சம்பவத்துக்கும் எழுத்தறிவுக்கும் சம்பந்தம் இல்லை. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குக் கல் தர வந்த ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கை முழுவதையும் மை தடவி ஒப்பந்தத்தில் பதிக்க வைத்தார். பின்னால் கையெழுத்து என்னுடையதல்ல என்று அவர் மறுத்துவிடக் கூடாதே என்பதுதான் காரணம். கையெழுத்தின் மேல் வந்த அவநம்பிக்கைதான் ரேகையைப் பெற்றது. 1877இல் ஹூக்ளியில் இருந்தபோது ஹெர்ஷல் பென்ஷன்காரர்களிடமும் ரேகை வாங்கினார். செத்துப்போனவர்கள் பெயரில் பென்ஷன் போய்க்கொண்டிருந்தது! 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைப் பிரிவு தொடங்கியது. அதன் வகைப்படுத்தும் முறை எட்வர்ட் ஹென்றியின் பெயரில் உலகம் சுற்றியது. அதை உருவாக்க உழைத்த காஜி அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு சப் இன்ஸ்பெக்டர்களின் பெயர் வெளியே வர நாளாயிற்று.

"ரேகை எப்பவும் மாறாது திதி. குழந்தையா இருந்தப்பவும் அதேதான், இப்பவும் அதேதான். அதுல நீங்க பண்ணினது ஒண்ணுமில்ல" என்றார் தாதா. "கையெழுத்து அப்படியா? அது நீங்க கத்துக்கிட்டது. ஒவ்வொரு தடவையும் புதுசா செய்யறது. அதனாலதான் மாறுது."

பெங்களூரிலிருந்து மகன் வேறு வழி சொன்னான்: யாராவது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போட வைத்தால் என்ன? அதற்கும் தாதாவிடம் சொல் இருந்தது: 'பிடித்த கை'. இரண்டு கைகள் ஒரு பேனாவைப் பிடிக்கும்போது ஒன்று ஒரு திசையில் இழுக்கும், மற்றது விட்டுக்கொடுக்காது. எழுத்து கோணும், திடீர்த் திருப்பங்கள் வரும், பார்ப்பதற்கு யாருடைய எழுத்தாகவும் இராது. படுக்கையில் கிடப்பவரிடம் வாங்கிய உயில்களில் இது அடிக்கடி வருகிறது. உதவிக்குப் பிடித்த கையா, கட்டாயப்படுத்திப் பிடித்த கையா என்பதைக் கோடு சொல்லாது. வழக்கு பத்து வருஷம் நடக்கும்.

டீச்சரம்மாவுக்கு அது வேறொன்றை நினைவூட்டியது. விஜயதசமியன்று நெல்லைப் பரப்பி அப்பா தன் விரலைப் பிடித்து எழுத வைத்தது. இங்கே சரஸ்வதி பூஜையன்று வங்காளிக் குழந்தைகளுக்குக் கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து நடத்தும் 'ஹாத்தே கொரி'. எத்தனையோ குழந்தைகளின் கையைப் பிடித்தவர் அவர். பிடித்த கையை விட்ட பிறகு அந்தக் குழந்தை தனியாக இழுக்கும் முதல் கோணல் கோட்டைத்தான் எழுத்து என்று ஒப்புக்கொள்வாராம். "அதுவரைக்கும் எழுதினது நான்தானே?" என்றார். மகன் சொன்ன யோசனை அத்தோடு முடிந்தது.

தீர்வு எளிமையாகத்தான் இருந்தது. வயதானவர்கள், நோயாளிகள் விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் உண்டு. கையெழுத்துப் போடவே முடியாதவர் கட்டை விரல் ரேகையோ கால் விரல் ரேகையோ வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் சொல்ல வேண்டும், ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ஆனால் டீச்சரம்மா கையெழுத்துப் போடவே முடியாதவர் அல்லவே? அடையாளச் சான்றுகளோடு போய் மாதிரிக் கையெழுத்தை மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தார். பழையதைப் பார்த்து வரையவில்லை. மேலாளர் முன்னால் வேகமாக, நடுக்கத்தோடு, ஒன்றுக்குப் பலவாகப் போட்டார். எதுவும் எதைப் போலவும் இல்லை. புதிய அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வைப்புத்தொகையும் புதுப்பிக்கப்பட்டது.

எல்லோருக்கும் மாடியில் ஒரு தாதா வாய்ப்பதில்லை. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் செய்யக்கூடிய காரியங்கள் சில இருக்கின்றன. கை நடுங்கத் தொடங்கியதுமே வங்கியில் மாதிரியை மாற்றிவிடலாம். முடியாமல் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் சும்மா கிறுக்கிவைத்த பால் கணக்கு, மளிகைச் சீட்டு, தேதி போட்ட கடிதம் இவற்றைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் ஒரு உறையில் வைக்கலாம். நாளைக்கு ஓர் உயிலைப் பற்றியோ பத்திரத்தைப் பற்றியோ கேள்வி வந்தால், பரிசோதகர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.

கையொப்பம் என்ற நம்முடைய சொல்லுக்குள்ளேயே 'ஒப்பு' இருக்கிறது. ஒப்புக்கொண்டேன் என்பதற்காகப் போடுவது அது. கவுண்டரில் இருப்பவர்களுக்கு மட்டும் அது 'ஒத்திருக்க வேண்டும்' என்று காதில் விழுகிறது. தப்புக் கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு தொழில், ஒத்திராத கையெழுத்தைக் கண்டதும் போலி என்று கூவாமல், இந்த மனிதருக்கு இடையில் என்ன நடந்தது என்று முதலில் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு அவர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வங்கிகளுக்கு அவ்வளவு நாள் ஆகாது என்று நம்புவோம்.